கையறிந்ததைக் கண் அறியுமா?

கைக்குழந்தை கிலுகிலுப்பையைப் பற்றுகிறது; வாயில் வைத்துப் பார்க்கிறது; பிறகு அதையே உற்று நோக்குகிறது. கை உணர்ந்த வடிவமும் கண் கண்ட வடிவமும் ஒன்றே என்பதை அது எப்போது கற்றது? அன்றிப் பிறவியிலேயே அறிந்திருந்ததா? வளர்ந்துவிட்ட நமக்கோ நினைவில்லை. குழந்தைக்கோ சொல்லத் தெரியாது. முந்நூறு ஆண்டுகளாக அறிஞர்களை மயக்கிய இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில் டில்லிக்குச் சிறந்த இடமுண்டு.

1688-இல் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, தத்துவ ஆசிரியர் ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் விடுத்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே வேறுபாடு அறிந்தவன். அவனுக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமலே இன்னது இன்னதென்று கூற இயலுமா என்பது கேள்வி. மாலினோவின் மனைவியும் பார்வையை இழந்தவரே. இயலாது என்றே நண்பர் இருவரும் கருதினர்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், தம்மிடம் பார்வை பெற்ற 13 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். எது பூனை, எது நாய் என்பதை அச்சிறுவன் அடிக்கடி மறந்தான். ஒருநாள் பூனையைக் கையால் தடவி அறிந்து, அதை உற்று நோக்கி, இனி உன்னை மறவேன் என்னும் பொருள்படப் பேசினானாம்.

குழந்தைகளையே சோதிக்க முனைந்தது நம் காலத்துப் பல்கலைக்கழக ஆய்வு. 1979-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெல்ட்சாஃப், போர்ட்டன் என்போர், ஒரு மாதக் குழந்தைகளுக்குக் கண்ணில் படாதவாறு சூப்பானைச் சுவைக்கக் கொடுத்தனர். சிலருக்கு வழவழப்பானது, சிலருக்குப் புடைப்புகள் உடையது. பின்னர் இரு வடிவங்களையும் காட்டியபோது, வாய் அறிந்த வடிவத்தையே குழந்தைகள் நெடிது நோக்கின. எனினும் 1999-இல் வேறு ஆய்வாளர் முயன்றபோது இம்முடிவு கிட்டவில்லை. ஐயம் நீங்கவில்லை.

இந்நிலையில்தான் டில்லி வருகிறது. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பிறவிக் கண்புரை முதலிய குறைகளோடு, சிகிச்சையின்றி வளர்ந்த ஏழைச் சிறுவரைக் கண்டறிந்து, தரியாகஞ்சிலுள்ள ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் பார்வை பெறச் செய்வது அதன் முதற்பணி, ஆராய்ச்சி அடுத்தது.

2011-இல் வெளியான ஆய்வில் 8 முதல் 17 வயது வரையிலான ஐவர் பங்கேற்றனர். அறுவை முடிந்த 48 மணி நேரத்துக்குள் அவர்களிடம் விளையாட்டுக் கட்டைகள் தரப்பட்டன. தொட்டதைத் தொட்டே அறிவதில் நூற்றுக்கு 98 விடைகள் சரி; கண்டதைக் கண்டே அறிவதில் 92. தொட்டதைக் கண்டு அறிவதிலோ 58 மட்டுமே. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சுட்டினாலே 50 சரியாகிவிடும் அன்றோ! மாலினோவும் லாக்கும் கூறியது பொய்க்கவில்லை. கையின் மொழியைக் கண்ணின் மொழியில் பெயர்க்க அகராதி வேண்டும். அச்சிறுவரிடம் அது இன்னும் எழுதப்படவில்லை.

ஆனால் வியப்பு இதன் பின்னர்தான். ஐந்து நாள் கழித்துச் சோதித்தபோதே முன்னேற்றம் புலப்பட்டது! 1960-களில் ஹூபல், வீசல் என்போர் பூனைக்குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வுகள், இளமையில் பார்வை தடைப்பட்டால் மூளையின் வளர்ச்சி குன்றும் எனக் காட்டியிருந்தன. அதனால் வயது கடந்த குழந்தைக்குச் சிகிச்சை வீண் என்று எண்ணியோர் பலர். டில்லிச் சிறுவர் அவ்வெண்ணத்தைத் தளர்த்தினர்.

ஆயினும் தாமதம் நன்றென்று எவரும் கொள்ளலாகாது. காலங்கடந்து பார்வை பெற்றோர் பலவற்றைக் கற்கின்றனர்; பார்வையின் முழுக் கூர்மை மட்டும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. குழந்தையின் கண்மணியில் வெண்மை தோன்றினால், வளர்ந்தபின் பார்ப்போம் என்று வாளாவிராமல் உடனே மருத்துவரிடம் காட்டல் வேண்டும். தொட்டிலில் கிடந்து குழந்தை கற்கும் பாடம் பின்னர் அதன் நினைவில் நிற்பதில்லை. எனினும் அதன் பிற்காலக் கல்வியெல்லாம் அப்பாடத்தின் மீதே எழுகிறது.