ஊர்ப்பெயர் பெற்ற ஆட்டங்கள்

சதுரங்கக் கழகங்கள் இரண்டு நட்பு முறையில் மோதும்போது, இன்ன தொடக்கத்தையே எல்லாப் பலகைகளிலும் ஆடுவது என்று முன்னரே பேசிவைத்துக்கொள்வதுண்டு. ஒவ்வொருவரும் அதனை வெள்ளைக்காய்களோடு ஒரு முறையும் கறுப்புக்காய்களோடு ஒரு முறையும் ஆடிவிட்டால், தொடக்கத்தின் சலுகையால் வென்றார் என்று எவரையும் குறைகூற இயலாது. 1903இல் வியன்னாவில் பத்து வல்லுநர்கள் 'கிங்ஸ் காம்பிட்' என்னும் பலியாட்டம் ஒன்றையே ஆடிய போட்டி இதற்குப் பெயர்பெற்ற சான்று. ரஷ்ய நாட்டுச் சிகோரின் அதில் முதலிடம் பெற்றார்.

எனினும், தொடக்கமொன்றை ஊரும் ஊரும் எதிர்நின்று சோதித்துப் பார்த்த வரலாறு இதனினும் பழமையானது. 1824இல் எடின்பரோ கழகமும் லண்டன் கழகமும் கடிதவழியே ஆடத் தொடங்கின. அக்காலத்தில் இருப்புப்பாதை ஏது? குதிரை வண்டி சுமந்துவரும் ஒரு நகர்த்தலுக்காக இரு நகரத்தாரும் நாட்கணக்கில் காத்திருந்தனர். ஐந்து ஆட்டங்கள் முடிய 1828 ஆயிற்று. மூன்றாம் நகர்த்தலிலேயே ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, நடுப்பலகையைத் திறந்துவிடும் முறையை இப்போட்டியில் முதலில் கையாண்டது லண்டன் அணியே. அதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞர். அவரோ ஆட்டம் முடியுமுன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்! லண்டன் அவ்வாட்டத்தில் தோற்றது. எடின்பரோவார் அம்முறையின் அருமையை உணர்ந்து தமதாக்கிக்கொண்டனர், போட்டியிலும் வென்றனர். உலகம் இன்றளவும் அதனை 'ஸ்காட்ச் ஆட்டம்' என்றே வழங்குகிறது. விதைத்தவன் ஒருவன், விளைச்சலுக்குப் பெயர் மற்றொருவனுக்கு! இதனை அநீதி என்று நாம் கருதவில்லை. கைவிடாது ஆடியவர்க்கே பெயர் உரியதாகும். பாரிஸ் நகரத்தார் 1834 முதல் 1836 வரை லண்டனோடு ஆடி வென்ற போட்டியால் 'பிரெஞ்சுத் தற்காப்பு' பெயர் பெற்றதும் இவ்வாறே.

இவற்றையெல்லாம் ஐரோப்பியர் கதையென்று ஒதுக்கிவிட வேண்டா. எடின்பரோவில் கடைசி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த அதே 1828இல், நம் மதராஸும் ஹைதராபாத்தும் கடிதவழி இரண்டு ஆட்டங்களைத் தொடங்கின. தபால் ஓட்டக்காரர் தோளில் நகர்த்தல்கள் போய்வந்த காலம் அது. மதராஸ் அணியில் விளங்கியவர் குலாம் காசிம். அவரும் ஜேம்ஸ் காக்ரேனும் (இவர் முன்சொன்ன வழக்கறிஞர் அல்லர்) சேர்ந்து, அவ்விரு ஆட்டங்களையும் 'மூசியோ காம்பிட்' பற்றிய ஆராய்ச்சியையும் 1829இல் மதராஸிலேயே நூலாக வெளியிட்டனர். மூசியோ முறையில், தாக்குண்ட குதிரையைக் காப்பாற்றாமல் வெள்ளை ராஜா கோட்டை கட்டிக்கொள்வார். குலாம் காசிம் பெயர்பெற்ற முறையிலோ, அந்தக் குதிரையைச் சாகவிட்டு ராணியின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் பாயும். ஸ்காட்ச் ஆட்டத்துக்குப் புகழ் தந்த அதே சிப்பாய்தான்!

வெளியூரில் வாழும் நம் இளைஞர் பலர் ஸ்காட்ச் ஆட்டத்தை அறிவர்; குலாம் காசிமை அறியார். இது நமக்கு வருத்தமே. ஜான் காக்ரேன் பின்னாளில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜியோடு ஆடிய ஆட்டங்கள் 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயருக்கே வழிவகுத்தன. குலாம் காசிம் 1844இல் மறைந்தார். பலியாட்டங்களைத் தொகுத்துரைக்கும் ஆங்கில நூல்களில் அவர் பெயரால் அம்முறை இன்றும் குறிக்கப்பெறுகிறது.