வளைவில் ஏறிய ரோஜா

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும், தாவரவியல் துறைத் தோட்டத்தின் இரும்பு வளைவுதான் நினைவுக்கு வந்தது. அதில் கொடி ரோஜாவை ஏற்றும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. தண்டுகளை நேராக மேலே இழுத்துக் கட்டினோம். உச்சியில் நாலு பூ. கீழே வெறும் முள்!

தோட்டக்கார அண்ணன் பார்த்துச் சிரித்தார். "நட்டுக்க நிறுத்தினா உச்சியிலதான் தம்பி பூக்கும். சாய்ச்சுக் கட்டுங்க, கணுவுக்குக் கணு பூக்கும்" என்றார். தண்டு பெருக்க இடம் விட்டு, வளைவைச் சுற்றிச் சாய்வாகக் கட்டியும் காட்டினார். அடுத்த பருவத்தில் முழங்கால் உயரத்திலிருந்தே பூ. நுனி மொட்டின் ஆதிக்கம் என்று பரீட்சையில் எழுதினோமே, அதுதான் இது. தண்டைச் சாய்த்தால் நுனியின் பிடி தளரும். பக்க மொட்டுகள் துளிர்க்கும்.

கொடி ரோஜா என்கிறோமே தவிர, அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. காட்டில் கொக்கி முள்ளை மாட்டி மரத்தில் தொற்றி ஏறும். வளைவில் நாம்தான் கட்டிவிட வேண்டும்.

அப்படி மரமேறும் காட்டு ரோஜாக்களில் மிகப் பெரியது ரோசா ஜைஜான்டியா. நம் மணிப்பூர் மலைகளில் 1882-இல் ஜார்ஜ் வாட் கண்டது. 1888-இல் பர்மாவின் ஷான் மலைகளில் ஹென்றி காலெட் சேகரித்தது. ஆனால் இதன் வழிவந்த சீன டீ ரோஜாக்கள் 1809-லும் 1824-லுமே இங்கிலாந்து போய்விட்டன. பேத்திகள் சீமைக்குப் போய் எழுபது வருஷம் கழித்துத்தான் பாட்டியின் ஊர் தெரிந்தது! பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பூத்த ஐரோப்பிய ரோஜாக்கள், சீன ரோஜாக்களோடு கலந்த பிறகே திரும்பத் திரும்பப் பூக்கும் இன்றைய வகைகள் பெருகின.

மணிப்பூர் ரோஜாவைக் கொண்டு, நம் வெப்பத்தைத் தாங்கும் புது வகைகளைக் கொடைக்கானலில் உருவாக்கியவர் எம்.எஸ். வீரராகவன். ஐ.ஏ.எஸ். பணியை விட்டு ரோஜாவுக்கு வந்தவர். தம் கொடி ரோஜாக்கள் இரண்டுக்கு வாட், காலெட் பெயர்களையே வைத்தார்.

கண்டவர்கள் பெயர் பூவில் நிற்கிறது. எங்களுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் பெயர்? மூன்று வருஷமும் "அண்ணே" என்றே கூப்பிட்டோம். பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. இன்று அந்த வளைவும் இல்லை, அவரும் இல்லை.

அவர் பெயர் தெரிந்த நண்பர்கள் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வளைவை மறுபடி நிறுத்துவோம். அதில் அந்தப் பெயர் இருக்கட்டும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ரோஜாவைச் சாய்ச்சுக் கட்டுவது உங்கள் பொறுப்பு. உங்கள் தோட்டக்காரரின் பெயரையும் இன்றே கேட்டு வையுங்கள்.