காற்று அங்கே... கரன்ட் எங்கே?

ஆவடி என்றதும் உங்களுக்கு டாங்க் ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். அதற்கும் முன்னால், 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாடு கூடியது அங்கேதான். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். பத்து வருஷத்துக்குள் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்துவிட்டது. லேத் ஓடவேண்டும் என்றால் கரன்ட் வேண்டுமே! அதை யார் பார்த்துக்கொள்வது... டெல்லியா, சென்னையா?

நம் அரசியல் சட்டத்தில் மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதாவது, ரெண்டு பேருக்கும் சொந்தம். ரெண்டு பேர் வளர்த்த பிள்ளை என்ன ஆனது என்று பார்க்க, காற்றாலை கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1982-ல் டெல்லி, மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை தொடங்கியது. 1985-ல் தமிழகம் தனக்கென்று ஒரு முகமை அமைத்தது. அடுத்த வருஷமே தூத்துக்குடி பக்கம் சோதனைக் காற்றாலைகள் சுழன்றன. டெல்லி கையிலெடுத்தது வருமான வரியை. காற்றாலை போட்ட முதல் வருஷமே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஆடிட்டர்களுக்குக் கொண்டாட்டம்! சென்னை செய்தது வேறு. ஆரல்வாய்மொழியில் காற்றாலையை நட்டுவிட்டு, அந்த மின்சாரத்தை எங்கோ இருக்கும் உங்கள் ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். ஆடியில் மிஞ்சியதை வாரியத்தில் 'டெபாசிட்' போட்டு, மாசியிலும் எடுக்கலாம். ஒன்று பணத்தை இழுத்தது, இன்னொன்று மின்சாரத்துக்கு வழி விட்டது. தமிழகம் பல வருஷங்கள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது.

அப்புறம் 2008 வந்தது. உயரழுத்த இணைப்பு ஆலைகளுக்கு 40 சதவிகித மின்வெட்டு! அம்பத்தூரில் பகலெல்லாம் டீசல் ஜெனரேட்டர் சத்தம். ஆர்டர் எடுத்தவர் பாடு திண்டாட்டம். டீசல் போட்டு ஓட்டினால் லாபம் போச்சு. ஓட்டாவிட்டால் அடுத்த ஆர்டரே போச்சு.

கொடுமை என்ன தெரியுமா? அதே சமயத்தில், காற்று வீசும் மாதங்களில், தெற்கே காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. வந்த மின்சாரத்தைச் சுமக்கக் கம்பி போதவில்லை! மிச்சத்தை வடக்கே தாராளமாக விற்கவும் வழியில்லை. அங்கிருந்து வேண்டிய அளவு வாங்கவும் வழியில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக மின்கட்டமைப்பு நாட்டோடு முழுசாக இணைந்தது, 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

நடுவில் டெல்லி இன்னொன்றும் செய்தது. 2012 மார்ச்சோடு அந்த வரிச்சலுகையை வெட்டியது. முந்தைய வருஷம் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்த தமிழகத்தில், அடுத்த வருஷம் இருநூறுகூடச் சேரவில்லை. 2014-ல் சலுகை திரும்பியது. ஆனால், பின்னாளில் முதலிடம் குஜராத்துக்குப் போய்விட்டது.

இப்போது சூரியன் முறை. 2024-ல் டெல்லி, வீட்டுக்கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. இங்கேயோ, தொழிற்கூடம் தன் கூரையில் சோலார் போட்டால் 'நெட்வொர்க் கட்டணம்' என்று 2021-ல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது. வாரியத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அதிகக் கட்டணம் கட்டும் ஆலைகளெல்லாம் கழன்றுகொண்டால், கம்பத்துக்கும் கம்பிக்கும், இலவச மின்சாரத்துக்கும் யார் பணம் தருவது?

ஆக, டெல்லி மெகாவாட்டில் பேசும். சென்னை கடன் கணக்கில் பேசும். ரெண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஒத்துப்போன வருஷங்களில்தான் காற்றாலை சுழன்றது. ஒன்று நின்றபோதெல்லாம் நஷ்டப்பட்டவர், இந்த ரெண்டு ஊரிலும் உட்கார்ந்து திட்டம் போடாத பட்டறைக்காரர்தான்!