நாக்கு ஒட்டும் வசம்பும்

உடுமலையில் எங்க வீட்டு மாடத்தில் எப்பவும் ஒரு துண்டு வசம்பு கிடக்கும். அதைச் சுட்டு, தேனில் உரைச்சு அம்மாயி பிள்ளைங்க நாக்கில் தடவுவாங்க, பேச்சு திருந்துமாம். ராத்திரியானால் 'பேர் சொல்லாதது' என்பாங்க. அக்கா பையன் பால் சப்பமுடியாமல் இளைச்சப்பவும் வசம்புதான். பதினெட்டாம் நாள்தான் ஒரு டாக்டரம்மா அவன் நாக்கைத் தூக்கிப் பார்த்தாங்க. அடிச்சவ்வு குட்டை. வசம்பு அதை எப்படி நீட்டும்?

அப்புறம்தான் பழைய கதைகளைத் தேடினேன். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் இந்தச் சவ்வை அறுப்பதை எழுதியிருக்கிறார், பக்கத்து ரத்தக்குழாய் ஜாக்கிரதை என்ற எச்சரிக்கையோடு. ஐரோப்பிய மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு விரலில் நகம் வளர்த்தார்களாம். பிறகு, பிளவுபட்ட தட்டைமுனை கொண்ட ஒரு கோல் வந்தது. சவ்வைப் பிளவில் நுழைத்து, நாக்கை உயர்த்திக் கத்தரிக்கலாம்.

நம்ம நாட்டில் வேடிக்கை வேறு. ஹடயோக பிரதீபிகை இதே சவ்வை யோகிக்காக அறுக்கச் சொல்கிறது: கள்ளியிலை போன்ற கத்தியால் ஒரு மயிரிழை, பிறகு இந்துப்பும் கடுக்காயும், ஏழு நாள் கழித்து இன்னொரு மயிரிழை, இப்படி ஆறு மாதம். கேசரி முத்திரைக்காக!

புட்டிப்பால் காலத்தில் மறந்துபோனதை, தாய்ப்பால் திரும்பியதும் மருத்துவர்கள் மறுபடி கவனித்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005 டிசம்பரில் வழிகாட்டியது. இப்போது எதிர்க்கவலை: அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாதமி 2024-இல், எல்லா ஒட்டையும் வெட்டாதீர்கள் என்றது. சரிதான், பால் குடிக்கும் பிள்ளையை எதற்கு வெட்டணும்?

எங்க பையனுக்கு ஒரு நிமிஷ வேலை, ரெண்டு சொட்டு ரத்தம். அப்பவே அக்கா பால் கொடுத்தாங்க. நல்லாச் சப்ப அவனுக்கு நாலு நாள் ஆச்சு.