பழைய பீர்ப் புட்டிக்கு வயது என்ன?

பழைய புட்டி என்றதும் நமக்குக் காயலான் கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் நூறாண்டுகளுக்கு முற்பட்ட பீர்ப் புட்டிகளை மண்ணைத் தோண்டி எடுத்து, கழுவித் துடைத்துச் சேர்த்து வைப்போர் அமெரிக்காவில் பலர் உள்ளனர். இயற்பியல் ஆசிரியருக்குப் பீரைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்டுவிடாதீர்கள். நம் அக்கறை கண்ணாடியைப் பற்றியதே!

1873ஆம் ஆண்டில் அந்நாட்டில் 4000க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. பெரிய ஆலைகளின் போட்டியில் சிறியவை பல மூடப்பட்டன. 1920இல் மதுவிலக்கு வந்ததும் எஞ்சியவற்றிலும் பல அழிந்தன. அவற்றின் கணக்கேடுகள் போயின. காகிதச் சீட்டுகள் மண்ணில் மக்கின. புட்டியில் புடைப்பெழுத்தாக நிற்கும் பெயரே பல ஆலைகளுக்கு எஞ்சிய சான்று. அதன் காலத்தைத் தவறாகக் கணித்தால் அந்த ஆலையின் வரலாறே பிசகிவிடும் அல்லவா?

புட்டியின் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடுக்கில் உருகிய கண்ணாடி பிதுங்குவதால் உண்டாவது அது. வாயால் ஊதிச் செய்த புட்டியில் இக்கோடு கழுத்தோடு மறைந்துவிடும். ஊதுகுழலிலிருந்து பிரித்தபின் வாய்ப்பகுதியைத் தொழிலாளி தனியே கருவியால் உருவாக்கினார். மைக்கேல் ஓவன்சின் தானியங்கிப் பொறி 1903இல் வந்தபின், கோடு வாயின் விளிம்பு வரை ஏறியது.

கோடே இல்லையென்றால் மிகப் பழையது என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஈரமாக்கிய அச்சுக்குள் புட்டியைச் சுழற்றியபடியே ஊதுவதும் ஒரு முறை. சுழற்சியில் கோடு அழிந்துபோகும். நானும் படங்களைப் பார்த்து ஒருமுறை இதில் ஏமாந்தேன். அத்தகைய புட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்; உடலைச் சுற்றிக் கிடையாக மெல்லிய வளையக் கீறல்கள் தெரியும்.

அடுத்து வாயைக் கவனியுங்கள். தடித்து உருண்ட உதடு இருந்தால், தக்கையையோ கம்பி பூட்டிய மூடியையோ தாங்குவதற்காகச் செய்தது எனலாம். நெம்பித் திறக்கும் கம்பி மூடிக்கு 1875இல் சார்லஸ் டி குவில்பெல்ட் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் பல்விளிம்புத் தகர மூடி 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது. அதற்கு ஏற்ற வாய் கொண்ட புட்டி 1892க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. (நம் ஊர்க் கோலி சோடாப் புட்டியும் அக்காலத்ததே, இங்கிலாந்தில் ஹைரம் காட் கண்டது. அதில் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி வாயை அடைக்கிறது.)

இனி நிறத்துக்கு வருவோம். மணலில் கலந்துள்ள இரும்பினால் கண்ணாடி இலேசான நீலப்பச்சையாகிறது. அதைப் போக்க மாங்கனீசு டை ஆக்சைடு சேர்த்தார்கள், கண்ணாடி நிறமற்றதாயிற்று. ஆனால் அது பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால், புற ஊதாக் கதிர்கள் மாங்கனீசு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகின்றன. ஈரிணைதிற மாங்கனீசு மூவிணைதிறமாக மாற, புட்டியில் மெல்லிய ஊதா படர்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் மாங்கனீசின் இடத்தைப் பெரும்பாலும் செலினியம் பிடித்ததால், ஊதா நிறமும் காலத்தைக் கணிக்க உதவும் தடயமாயிற்று.

இந்தத் தடயத்தில்தான் சிலர் கைவைக்கிறார்கள். ஊதாப் புட்டிக்கு விலை அதிகம்; எனவே நிறமற்ற பழைய புட்டிகளைக் காமாக் கதிர் போன்றவற்றுக்கு உட்படுத்தி அடர்ந்த ஊதாவாக்கி விற்கிறார்கள். வெயிலில் விளைந்த ஊதா பெரும்பாலும் வெளிறியே இருக்கும். கண்ணைப் பறிக்கும் அடர் ஊதாவைக் கண்டால் ஐயப்படுங்கள். உலையில் போதிய அளவு சூடேற்றினால் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு ஊதா நீங்கிவிடும். ஆனால் செயற்கை ஊதாவோடு, அந்தப் புட்டி வெயிலில் கிடந்து பெற்ற இயற்கை ஊதாவும் சேர்ந்தே போய்விடுகிறது.