78 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்: முதல் விண்மீன்களுக்கான வானொலிச் சான்று

முதல் விண்மீன்கள் எப்போது ஒளிர்ந்தன என்ற கேள்விக்கு இன்று இரு வழிகளில் விடை தேடப்படுகிறது. ஒன்று, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டும் தொலைதூர விண்மீன் மண்டலங்கள். மற்றொன்று, அவற்றைச் சூழ்ந்திருந்த ஹைட்ரஜன் வாயுவின் வானொலித் தடம். முதலாவதில் பிரகாசமானவை மட்டுமே சிக்கும். மங்கலான பெரும்பான்மையின் கூட்டு விளைவை இரண்டாவதே காட்ட இயலும். ஆனால் அத்தடத்தை மாறுபட்ட வடிவமைப்புள்ள இன்னொரு கருவியும் காணும்வரை அதைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நடுநிலை ஹைட்ரஜனுக்குரிய அலைநீளம் 21 செ.மீ.; அதிர்வெண் 1420 மெகாஹெர்ட்ஸ். 1944இல் வான் டி ஹல்ஸ்ட் கணித்த இவ்வலையை 1951இல் ஹார்வர்டில் ஈவனும் பர்செல்லும் பதிவுசெய்தனர். பிரபஞ்சம் விரிவதால் தொன்மையான அலை நீண்டு, குறைந்த அதிர்வெண்ணில் நம்மை வந்தடைகிறது. முதல் விண்மீன்களின் புறஊதா ஒளி பட்டதும், குளிர்ந்திருந்த ஹைட்ரஜன் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை உறிஞ்சத் தொடங்கும். வானின் நிறமாலையில் அது ஒரு பள்ளமாகத் தெரியவேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இயங்கிய எட்ஜஸ் கருவி 78 மெகாஹெர்ட்ஸில் அத்தகைய பள்ளத்தைக் கண்டதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. 1420ஐ 78ஆல் வகுத்தால் 18.2; அலை எத்தனை மடங்கு நீண்டது என்ற இவ்வெண்ணில் ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 17, அதாவது பெருவெடிப்புக்குப் பின் சுமார் 18 கோடி ஆண்டுகள். பள்ளத்தின் ஆழம் 0.5 கெல்வின். வழக்கமான கோட்பாடு அனுமதிக்கும் உச்சமோ சுமார் 0.2 கெல்வின்தான். கரும்பொருள் வாயுவை மேலும் குளிர்வித்திருக்கலாம் என்று வானியற்பியலாளர் ரென்னன் பர்கானா விளக்கம் தந்தார். ஆனால் இதே அதிர்வெண்ணில் பால்வழியின் இரைச்சல் ஆயிரம் கெல்வினுக்கும் மேல். ஆண்டெனாவின் அடியிலுள்ள தரை எதிரொலிக்கும் சிற்றலைகூடப் போலிப் பள்ளத்தை உண்டாக்கப் போதும்.

பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தினர் இந்தச் சிக்கலை அடியிலிருந்தே அணுகினர். 2020இல் அவர்கள் சாரஸ் 3 கருவியின் கூம்பு வடிவ ஆண்டெனாவைக் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டனர். மண்ணின் அடுக்குகள் இடத்துக்கு இடம் மாறும். நீரோ சீரான ஊடகம். 2022இல் வெளிவந்த அவர்களது முடிவு, எட்ஜஸ் கண்ட பள்ளத்தை 95.3 சதவீத நம்பகத்தன்மையுடன் மறுத்தது. பழைய தரவையே மறுபடி அலசியவர்களும் ஐயம் எழுப்பியிருந்தனர். எனினும், தரைவழிப் பிழைக்கு இடந்தராத கருவி தந்த மறுப்புக்கே எடை அதிகம்.

இதற்கு இரு எதிர்வாதங்கள் எழலாம். 95.3 சதவீதம் இறுதித் தீர்ப்பாகாது என்பது முதலாவது. அது உண்மையே, சாரஸ் மறுத்ததும் குறிப்பிட்ட அந்தப் பள்ளத்தைத்தான், ஹைட்ரஜன் தடமே இல்லை என்று அது சொல்லவில்லை. விண்மீன் மண்டலங்களே போதுமே என்பது இரண்டாவது. ஜேம்ஸ் வெப் கண்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 மண்டலத்தின் செம்பெயர்ச்சி, அல்மா தொலைநோக்கி பதிந்த ஆக்சிஜன் நிறமாலைக் கோட்டின்படி 14.18; பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகள். அக்கால ஹைட்ரஜன் அலை இன்று 93.5 மெகாஹெர்ட்ஸில், நம் எஃப்.எம். அலைவரிசைக்குள்ளேயே விழும். ஆக, எட்ஜஸ் சுட்டிய காலம் இந்த மண்டலத்துக்கும் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அங்கே மண்டலங்களைக் கொண்டு ஊகிக்கலாமே தவிர, சரிபார்க்க முடியாது.

எனவே சாரஸின் முடிவை ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஒதுக்குவது தவறு. கரும்பொருளுக்குப் புதுப் பண்புகளைக் கற்பிக்கும் முன் கருவியின் அடித்தளத்தைச் சோதிக்கவேண்டும் என்ற வரிசைமுறையை அது நிலைநாட்டியிருக்கிறது. அடுத்து யார் பள்ளம் கண்டதாக அறிவித்தாலும், அவர்களிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, வேறெந்த வடிவமைப்பில் அது மீண்டும் தெரிந்தது என்பதே.