நடுநிலைக் கொடி – 7
சமாதானத்துக்குப் பிறகு விழுந்த கோட்டை

ஆங்கிலக் கால்வாயில் ‘ஃப்ரேயா’ சுட்டதோடு போன வாரம் நிறுத்தினோம்.

1800 ஜூலை 25. ஆறு டென்மார்க் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக வந்த போர்க்கப்பல் அது. சரக்கைச் சோதிக்க வேண்டும் என்றது பிரிட்டிஷ் கடற்படை. தளபதி கிராபே மறுத்தார். சண்டை சீக்கிரமே முடிந்தது. ஃப்ரேயாவையும் ஆறு கப்பல்களையும் பிரிட்டிஷார் பிடித்துப் போனார்கள்.

1793 முதல் பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன. டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. “எங்கள் கப்பலில் ஏறிய சரக்கு எங்கள் சரக்கு” என்றது அது. எதிரியின் சரக்கு எந்தக் கப்பலில் இருந்தாலும் எடுப்போம் என்றது பிரிட்டன். காகிதங்களில் சந்தேகம் வந்தால் கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போய்க் கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். தீர்ப்பு பாதகமானால் கப்பலும் சரக்கும் ஏலம்; பிடித்தவர்களுக்கு அதில் பங்கு. பங்கு கிடைக்கும் என்றால் சந்தேகம் வராமலா இருக்கும்?

இந்த வழக்கின் இன்னொரு முனை நம் கடற்கரையில் இருக்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் படிக்கும் பலரின் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். அங்கிருந்து கரையோரமாகச் சற்று வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டென்மார்க்காரர் கோட்டை கட்டிய ஊர்.

ஐரோப்பாவில் போர் மூண்டபோதெல்லாம் தரங்கம்பாடிக்கு வியாபாரம் பெருகியது. மொரீஷியஸிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல்கள் ஆங்கிலேயர் கப்பல்களைப் பிடித்துவந்து விற்றன. தரங்கம்பாடியின் காகிதத்தோடு அவற்றில் சில டென்மார்க் கொடியேற்றிக் கடலுக்குத் திரும்பின. டச்சுக்காரரின் பத்தாவியாச் சரக்கும் அந்தக் கொடியின் கீழ் பயணம் செய்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளே இந்தியாவில் சேர்த்த பணத்தை டென்மார்க் வணிகத்தின் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொடி பொய் என்று கம்பெனி குற்றம் சாட்டியபோது, அந்தப் பொய்யில் அதன் ஆட்களுக்கும் பங்கு இருந்தது. இதைச் சொல்லாமல் தரங்கம்பாடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

தரங்கம்பாடியின் அப்போதைய ஆளுநர் பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். தென்னிந்தியக் காட்சிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டியவர். அவர் கையில் இருந்த படையோ மிகச் சிறியது.

1800 டிசம்பரில் ரஷ்யா, ஸ்வீடன், டென்மார்க், பிரஷ்யா நான்கும் பிரிட்டனின் கப்பல் சோதனையை எதிர்த்துக் கைகோத்தன. 1801 ஜனவரியில் பிரிட்டன் தன் துறைமுகங்களில் நின்ற டென்மார்க் கப்பல்களை முடக்கியது. ஏப்ரல் 2 அன்று கோபன்ஹேகன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பீரங்கிகள் முழங்கின. ஏப்ரல் 9 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது.

அந்தச் செய்தி சோழமண்டலக் கரைக்கு வருமுன் ஆங்கிலப் படை வந்துவிட்டது. மே 12 அன்று ஆங்கர் தரங்கம்பாடியை ஒப்படைத்தார். அதற்கு 33 நாள் முன்பே கோபன்ஹேகனில் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன!

1802-இல் ஊர் திரும்பக் கிடைத்தது. வணிகம் மறுபடி தொடங்கியது. ஆனால் 1807 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை மீண்டும் கோபன்ஹேகன் முன் வந்து நின்றது. இந்த முறை அது கேட்டது ஒரு கப்பலின் சரக்கை அல்ல, டென்மார்க்கின் கடற்படை முழுவதையும். மறுத்தால் நகரத்தின் மீது குண்டு விழும். டென்மார்க் மறுத்தது.

(தொடரும்)